கொக்கியைக் கழற்றாதவள்

இறக்கை அவளை விட்டுவிட்டுத் தனியாகப் பறந்த கதையை அந்தக் குன்றில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். சிலர் கதையில் அவள் இருபதடி உயரத்திலிருந்து விழுவாள், சிலர் கதையில் ஐம்பதடி. அவள் கணவன் கதையில் அவள் விழுந்துகொண்டே அவனுக்குப் போன் பண்ணி, அடுப்பை அணைக்கச் சொல்வாள். உண்மையில் நடந்தது இதுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை பிற்பகல், குன்றின் விளிம்பில் ஹேங் கிளைடர் என்ற இயந்திரமில்லாத பறக்கும் இறக்கையைத் தோளில் தாங்கிக்கொண்டு அவள் காற்றுக்காகக் காத்திருந்தாள். பறப்பவரை வயிற்றுப்பக்கமாகத் தொங்கவிட்டுத் தாங்குகிற நீளமான பை ஒன்று உண்டு; ஹார்னஸ் என்பார்கள். அதன் முதுகு வாரில் இருக்கும் கொக்கியை இறக்கையின் நடுக்குழாயில் தொங்கும் பட்டையில் மாட்ட வேண்டும். மாட்டிவிட்டு, முன்னால் ஒருவர் கிளைடரின் மூக்கைப் பிடித்துக்கொள்ள, படுத்துத் தொங்கிப் பார்க்க வேண்டும். அந்தச் சங்கத்தில் அது வழக்கம். அவளும் தொங்கிப் பார்த்தாள். எல்லாம் சரி. அதற்குள் காற்று படுத்துவிட்டது. இருபது நிமிஷம் நின்று பார்த்தாள், தோள் கடுத்தது. கொக்கியைக் கழற்றிவிட்டு, நூறடி தள்ளிக் கிடந்த பையிலிருந்து கையுறையை எடுத்து வரப் போனாள். திரும்பி வந்து இறக்கையைத் தூக்குவதற்கும் காற்று எழுவதற்கும் சரியாக இருந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் "போங்க, போங்க" என்று கத்தினார்கள். மூக்கைப் பிடித்திருந்தவர் "போலாம்" என்று சொல்லி விலகினார். அவள் ஓடினாள்.

தொங்கிப் பார்த்தது நினைவில் இருந்தது. கழற்றியது நினைவில் இல்லை.

இறக்கை எழுந்தபோது அவளும் எழுந்தாள், இரண்டு கையால் இறக்கையின் பிடிகம்பியைப் பிடித்தபடி. ஒரு மூச்சு நேரம். பிறகு கை விட்டது. இரண்டு ஆள் உயரம், கீழே புதர். காரை எலும்பும் இடது மணிக்கட்டும் உடைந்தன. கிளைடர் தலை குனிந்து, நிமிர்ந்து, யார் தயவும் இல்லாமல் சரிவைத் தாண்டிப் போய் யாருடைய தோட்டத்து வேலியிலோ உட்கார்ந்தது. மல்லாந்து கிடந்தபடி அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாத்தான் பறக்குது" என்று முதலில் வந்தவரிடம் சொன்னாள். தலையிலும் அடி என்று அவர் முடிவு பண்ணிவிட்டார்.

சங்கத்தின் விபத்துப் பதிவேட்டில் ஒரே வரி எழுதினார்கள்: "காரணம், பறந்தவரின் கவனக்குறைவு." எழுதியவர் சங்கத்தின் பாதுகாப்பு அதிகாரி. அன்றைக்கு மூக்கைப் பிடித்து "போலாம்" என்று சொன்னவரும் அவர்தான்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் தையல் அறையில் வேலை. பழைய படுக்கை விரிப்பின் நடுப்பகுதி நைந்தால் ஓரங்களை நடுவுக்குக் கொண்டுவந்து தைப்பது, அறுவை அறை அங்கிகளுக்கு நாடா மாற்றுவது, திரைச்சீலைக்கு வளையம் கோர்ப்பது. நான்கு இயந்திரம், நான்கு பெண்கள், சலவைக்கூடத்திலிருந்து சுவர் வழியாக வரும் வெக்கை. ஒன்பது வருஷத்துக்கு முன் சங்கத்துக்காரர் ஒருவர் கிழிந்த இறக்கைத் துணியைத் தைத்துத் தர முடியுமா என்று கேட்டு வந்தார். தைத்துக் கொடுத்தாள். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கக் குன்றுக்குப் போனாள். தன் தையல் ஓர் ஆளைத் தூக்கிக்கொண்டு வானத்தில் நிற்பதைப் பார்த்தாள். அதோடு அவள் ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

இப்போது விஷயம் ஒரு படிவம். வேறு பிழைப்பு பார்த்துக்கொண்டு ஓய்வு நாளில் பறப்பவர்களுக்கென்று ஆற்றுக்கு அந்தப்பக்கத்துக் குன்றுகளில் ஒரு போட்டி. விழுந்த வருஷமே சேர்ந்திருக்க வேண்டியது. அடுத்த வருஷம் மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை என்று அவளை நிறுத்திவைத்தார்கள். இந்த வருஷம் மணிக்கட்டு அவளை விட நன்றாக இருக்கிறது. ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும். "இவர் தனியாகக் கிளம்பத் தகுதியானவர்" என்ற வரிக்குக் கீழே பாதுகாப்பு அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாவிட்டால் போட்டி இல்லை.

பாதுகாப்பு அதிகாரி மருந்துக்கடை வைத்திருந்தார். புதன்கிழமை வேலை முடிந்து நேராக அங்கே போனாள். அவர் மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தார். இருமலுக்கு மருந்து வாங்க வந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்றார்.

"அடுத்த வருஷம் பாக்கலாமேம்மா" என்றார் அதிகாரி, படிவத்தைத் தொடாமலே.

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க சார்."

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் நல்லது எனக்குத் தெரியும். கையெழுத்து மட்டும் உங்ககிட்ட இருக்கு. அதைக் குடுங்க."

பெரியவர் இருமலை நிறுத்தினார். "இவங்களுக்கு என்ன உடம்புக்கு?"

"பறக்கிறாங்க" என்றார் அதிகாரி.

"அதுக்கு மருந்து இருக்கா?"

"இருந்தா நானே முதல்ல சாப்பிட்டிருப்பேன். இந்தாங்க, ராத்திரி ஒரு மூடி."

பெரியவர் வாங்கிக்கொண்டார், போகவில்லை. அதிகாரி கத்தரிக்கோலை வைத்தார். சரி, ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், மூன்று தடவை கிளம்பிக் காட்டுங்கள், மூன்று தடவையும் நானே மூக்கைப் பிடிக்கிறேன், நம் வழக்கப்படி தொங்கிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

அங்கேதான் சிக்கல். அவள் இப்போது சங்கத்து வழக்கப்படி கிளம்புவதில்லை.

சரிவர எழும்பத் தெரியாத இடது கையோடு வீட்டில் கிடந்த மூன்று மாதத்தில் அவள் அதை யோசித்து முடித்திருந்தாள். ஹார்னஸைத் தனியாக உடம்பில் மாட்டிக்கொண்டு திரிவதால்தானே மறதி வருகிறது? ஹார்னஸ் உடம்பில் இருக்கும்போது, எல்லாம் தயார் என்று உடம்பு நம்பிவிடுகிறது. ஆகவே அவள் கிளைடரைப் பாகம் பாகமாக இணைத்துப் பூட்டிய கையோடு ஹார்னஸை இறக்கையில் மாட்டிவிடுவாள். அது அங்கேயே தொங்கும். பறக்க வேண்டுமென்றால் இறக்கைக்குக் கீழே குனிந்து போய் அதற்குள் நுழைவாள். எதற்காகவாவது விலகிப் போக வேண்டுமென்றால் அதிலிருந்து வெளியே வருவாள். கொக்கியைக் கழற்றுவதே கிடையாது. ஹார்னஸ் உடம்பில் இருந்தால் இறக்கையும் கூடவே இருக்கும். இதில் ஞாபகத்துக்கு வேலையே இல்லை. கடையில் நின்றபடி இதையெல்லாம் அவரிடம் சொன்னாள்.

"அப்படி நுழையும்போது கால் வாரை மறந்துட்டீங்கன்னா?" என்றார் அதிகாரி. "கொக்கி இருக்கும், நீங்க கீழ வழுக்கிடுவீங்க."

கேள்வி நியாயமானது. அவளிடம் பதில் இருந்தது. கால் வார்களிலிருந்து ஒரு குட்டி நாடாவை மார்புப் பூட்டுக்குக் கொண்டுவந்து தைத்திருந்தாள். இரண்டு காலும் வாருக்குள் போகாமல் மார்புப் பூட்டு எட்டாது.

"வீட்டுத் தையலை நம்பி..."

"அந்தத் தையல் எடை தாங்கறதில்ல சார். எடை தாங்கற எதையும் நான் தொடல." அவள் குரல் ஏறியது. "எங்க தையல் அறையில ஊசி ஒடைஞ்சா என்ன பண்ணுவோம் தெரியுமா? 'தேடிப் பாத்தேன், துணியில ஒண்ணும் இல்ல'ன்னா ஒத்துக்க மாட்டாங்க. ஒடைஞ்ச துண்டு ஒவ்வொண்ணையும் பொறுக்கி, அட்டையில ஒட்டி, சேர்த்து வெச்சா முழு ஊசி வரணும். அதுவரைக்கும் மிஷின் ஓடாது. அங்கியைப் போட்டுக்கிட்டு நிக்கறவர் எதிர்ல வயித்தைத் திறந்து வெச்சிருக்காங்க. பாத்தேன்னு சொல்றதுக்கெல்லாம் அங்க மதிப்பில்ல."

"சங்கத்துக்குன்னு ஒரு முறை இருக்கும்மா."

"அந்த முறைப்படிதான் நான் விழுந்தேன்."

பெரியவர் மறுபடி இருமினார். அதிகாரியின் முகம் கொஞ்சம் மாறியது. அவள் படிவத்தை அங்கேயே வைத்துவிட்டுக் கிளம்பினாள். மூக்கைப் பிடித்திருந்தது யார் என்ற பேச்சை இரண்டு வருஷமாக அவள் யாரிடமும் எடுத்ததில்லை.

வீட்டில் கணவன் வேறு. அவன் நகரப் பேருந்து ஓட்டுநர். வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் வந்தபோது கூடத்துத் தரை முழுக்க காகிதம் விரித்திருந்தாள். இறக்கைத் துணிக்குள் விலா எலும்பு மாதிரி செருகும் அலுமினியக் கம்பிகளை வரிச்சு என்பார்கள். ஒவ்வொன்றின் வளைவும் காகிதத்தில் வரைந்த கோட்டோடு ஒத்துப்போக வேண்டும். இருபது வரிச்சு. ஒரு தீக்குச்சிக் கனம் விலகினாலும் முழங்காலில் வைத்து மெல்ல அழுத்தி, மறுபடி கோட்டின் மேல் வைத்துப் பார்த்தாள்.

"நடக்க வழி இருக்கா, இல்ல நானும் பறந்துதான் வரணுமா?" என்றான்.

"சுவரோரமா வாங்க. ஏழாவதை மிதிச்சிடாதீங்க, அது இப்பத்தான் சரியாச்சு."

அவன் சுவரோரமாக வந்து உட்கார்ந்தான். "அவர் சொல்றதுல என்ன தப்புங்கறேன்? நான் பஸ்ஸை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சுத்து சுத்தி வந்து டயரை உதைச்சுப் பாக்கறேனில்ல? அதையேதான் அவரும் சொல்றார்."

"உதைச்சுப் பாத்துட்டு, டயரைக் கழட்டி வெச்சுட்டு டீ குடிக்கப் போவீங்களா?"

அவன் யோசித்தான். "நம்ம டிப்போவுல சொல்ல முடியாது" என்றான். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு, "எனக்குப் பயமா இருக்குடி" என்றான்.

"எனக்கும்தான். அதுக்காக விட்டுடவா?"

மதிய இடைவேளைகளில் அவள் சலவைக்கூடத்துக்குப் பின்னால் துணி காயும் கொட்டகையின் உத்தரத்தில் ஹார்னஸைத் தொங்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நுழைவதும் வெளியே வருவதுமாகப் பழகினாள். இடது கால், வலது கால், தோள், மார்புப் பூட்டு. ஒரு நாளைக்கு முப்பது தடவை. சலவைப் பெண்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "அம்மா காய்ஞ்சாச்சா, எடுத்து மடிச்சுடலாமா?" என்று ஒருத்தி கேட்டாள். "இன்னும் ஈரம் இருக்கு" என்று உள்ளிருந்தே பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் குன்றில் ஏழு பேர் இருந்தார்கள். கணவன் அவளை மேலே இறக்கிவிட்டு, இறங்கும் மைதானத்துக்குக் காரை ஓட்டிப் போய்விட்டான். அங்கே காரைக் குன்றுக்கு முதுகு காட்டி நிறுத்திவிட்டு உட்காருவது அவன் பழக்கம்.

அதிகாரி காற்றின் திசை காட்டும் காற்றுப்பைக் கம்பத்தின் கீழே மடக்கு நாற்காலி போட்டு, படிவத்தைத் தொடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் கிளைடரைப் பூட்டினாள். ஹார்னஸை மாட்டினாள். விளிம்புக்குக் கொண்டுபோய் மூக்கைத் தரையில் சாய்த்துவைத்தாள். குனிந்து நுழைந்து, கால், கால், தோள், பூட்டு. நிமிர்ந்து நின்றாள். காற்று இல்லை.

"அம்மா!" நாற்காலியிலிருந்து அதிகாரி கூப்பிட்டார். "கழட்டிட்டு இங்க வாங்க. மூணு தடவைக்கு ஒத்துக்கறேன்னு முதல்ல ஒரு வரி எழுதிக் குடுங்க."

"கழட்ட மாட்டேன் சார். நீங்க வாங்க."

இரண்டு பேருக்கும் நடுவே நூறடி. அவர் எழுந்திருக்கவில்லை. அவள் நகரவில்லை. வரிசையில் அடுத்து நின்ற ரொட்டிக்கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தொப்பையும் நல்ல மனசும் உள்ள மனிதர். தானே முன்வந்து நடுவில் ஓட ஆரம்பித்தார்.

"அக்கா, ரெண்டு நிமிஷம்தானாம்."

"ரெண்டு நிமிஷம்தான்னா அவரே வரலாமில்ல?"

போனார். வந்தார். "எல்லாருக்கும் ஒரு முறை, உங்களுக்கு ஒரு முறையான்னு கேக்கறார்."

"எல்லாரும் என் முறைக்கு வந்துட்டா ஒரே முறையாயிடும்னு சொல்லுங்க."

போனார். வரும்போது இடுப்பைப் பிடித்திருந்தார். "மறை கழண்டதுன்னு... அதை விடுங்க, அது சொல்ற மாதிரி இல்ல. அக்கா, மாவு பிசையறதுக்கே நான் மிஷின் வெச்சிருக்கேன். என்னால முடியல."

நாலரை ஆயிற்று. ஐந்து ஆயிற்று. இடையில் கொஞ்சம் காற்று எழுந்தபோது மூன்று பேர் அவளைத் தாண்டிக் கிளம்பிப் போனார்கள். ஒதுங்கி வழிவிட்டாள், ஹார்னஸோடே, நண்டு மாதிரி. தோள் கடுத்தது. அன்றைக்குக் கடுத்த அதே இடம். வெளியே வந்து உட்காரலாம், அவள் முறைப்படி அதற்குத் தடையில்லை. ஆனால் இப்போது வெளியே வந்தால் அவர் கூப்பிட்டு வந்ததாக ஆகிவிடும். நின்றாள்.

ஐந்தே காலுக்கு அதிகாரி எழுந்து வந்தார். கையில் படிவம், சட்டைப்பையில் பேனா. அவள் முன்னால் வந்து நின்றார்.

"இவ்வளவு பிடிவாதம் ஆகாதும்மா."

"அது இல்லேன்னா ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே கிளைடரை வித்திருப்பேன்."

அவர் பள்ளத்தைப் பார்த்தார். கீழே அந்தப் புதர் இருந்தது. "நீங்க இந்த விளிம்புல நிக்கற ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தப் புதர்தான் தெரியுது. நான்தான் 'போலாம்'னு சொன்னேன். பாக்காம சொன்னேன்." குரல் தாழ்ந்தது. "நீங்க யார்கிட்டயும் சொல்லல."

"சொன்னா என் தப்பு குறைஞ்சிடுமா? மாட்டாதது நான். பாக்காதது நீங்க. எனக்கு எலும்பு ஒடைஞ்சுது, சேர்ந்துடுச்சு. உங்களுக்கு இன்னும் பயம் போகல. சரி. ஆனா உங்க பயத்துக்கு நான் வீட்ல உக்காரணுமா?"

ரொட்டிக்கடைக்காரர் வேறு பக்கம் பார்க்கத் தொடங்கினார்.

"படுத்துத் தொங்கிக் காட்டுங்க" என்றார் அதிகாரி கடைசியில்.

"மாட்டேன்னு நான் எப்ப சொன்னேன்? தொங்கிட்டு, அதுக்கப்புறம் கழட்ட மாட்டேன்னுதான் சொல்றேன். மூக்கைப் பிடிங்க."

பிடித்தார். அவள் படுத்துத் தொங்கினாள். ரொட்டிக்கடைக்காரரிடம் மூக்கை ஒப்படைத்துவிட்டு அதிகாரி இறக்கைக்குக் கீழே வந்தார். ஐம்பத்தெட்டு வயது, முழங்காலில் வலி, மண்டியிட்டார். கொக்கியை விரலால் இழுத்துப் பார்த்தார். அதன் மறையைத் திருகிப் பார்த்தார். கால் வார்களைத் தொட்டார். அந்தக் குட்டி நாடாவின் தையலை நகத்தால் கீறிப் பார்த்தார், துணிக்கடையில் பார்ப்பதுபோல.

"இந்தத் தையலை யார்கிட்டக் கத்துக்கிட்டீங்க?"

"இது ஆபரேஷன் அங்கியோட முதுகு நாடாத் தையல் சார். இழுத்தா பிரியாது."

"எனக்கும் ஒண்ணு தைக்கணும்" என்றார், முணுமுணுப்பாக.

அவள் எழுந்து நின்றாள். அவர் படிவத்தை விரித்தார். "முந்தைய விபத்து, காரணம்" என்ற இடத்தில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். அதே இரண்டு சொல். அவள் தலையைச் சாய்த்துப் படித்தாள்.

"அதை மாத்துங்க."

"என்னன்னு?"

"நடந்ததை எழுதுங்க. கொக்கி மாட்டாமல் ஓடினார், பிடித்தவரும் பார்க்கவில்லை."

காற்றுப்பை அசைந்தது. சரிவிலிருந்து காற்று மெல்ல ஏறி வந்து அவள் முகத்தில் பட்டது. இறக்கையின் கனம் தோளில் பாதியானது. ஐந்தரை. இந்தக் காற்று எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

"இனி மூணு தடவைக்கு நேரமில்ல. ஒரு தடவை போய் இறங்கி வாங்க, எழுதறேன்" என்றார்.

"இப்பவே. நல்லா இறங்கினா அதுக்காகப் போடறதா ஆயிடும். நீங்க பாக்க வேண்டியது நான் கிளம்பத் தயாராகறதை. அதைப் பாத்தாச்சு. அதுக்குப் போடுங்க."

அவர் படிவத்தை இறக்கையின் மேல் வைத்துப் பேனாவைத் திறந்தார்.

"துணி மேல வெச்சு எழுதாதீங்க! ஓட்டை விழும்!"

மூன்று பேரும் ஒரு கணம் விழித்தார்கள். பிறகு ரொட்டிக்கடைக்காரர், மூக்குக் கம்பியை விடாமலே திரும்பி, முதுகைக் காட்டிக் குனிந்தார். அந்த அகலமான முதுகில் வைத்து அதிகாரி இரண்டு சொல்லை அடித்தார். மேலே அவள் சொன்னதை எழுதினார். "பிடித்தவரும்" என்ற இடத்தில் பேனா நின்றது, பிறகு போனது. அடைப்புக்குறிக்குள் "நான்" என்று சேர்த்தார். அதைச் சேர்க்கச் சொல்லி அவள் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

"கூசுது சார்" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

அதிகாரி போனில் படிவத்தைப் படம் எடுத்து அனுப்பினார். போய்ச் சேர்ந்ததைக் காட்டினார். பிறகு மூக்கை அவரே வாங்கிக்கொண்டார்.

"கொக்கி இருக்கு" என்றார், ஒவ்வொன்றாகப் பார்த்து. "மறை திருகியிருக்கு. கால் வார் ரெண்டு. மார்புப் பூட்டு." நிறுத்தினார். "போலாம்."

அவள் ஓடினாள். ஐந்தாவது எட்டில் தரை போனது. இந்தத் தடவை தோளிலிருந்து போன எடை முதுகு வாரில் வந்து இறங்கியது, கெட்டியாக. புதர் கீழே கடந்தது; அவள் அதைப் பார்க்கவில்லை, காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரிவோடு ஒட்டி இருபது நிமிஷம் மேலும் கீழுமாக நெய்தாள். மேலெழும் காற்றைக் காட்டும் கருவி கீச்சிட்டபோதெல்லாம் திரும்பினாள். குன்றின் தலைக்கு மேலே இருநூறடி ஏறி, மடக்கு நாற்காலி ஒரு புள்ளியாகத் தெரியும்வரை போனாள்.

இறங்கியதுதான் சொல்லும்படியாக இல்லை. மைதானத்தில் வரைந்திருந்த வட்டத்துக்கு முப்பது அடி முன்னாலேயே வேகத்தைக் குறைக்க அவசரப்பட்டுக் கம்பியைத் தள்ளிவிட்டாள். கிளைடர் மூக்கைத் தரையில் குத்தி நின்றது. அவள் முழங்காலைப் புல்லில் சிராய்த்துக்கொண்டு, கம்பிக்கு மேலே கவிழ்ந்து தொங்கினாள்.

சத்தம் கேட்டுக் கணவன் காரிலிருந்து இறங்கி ஓடி வந்தான், ஒரு செருப்பு இல்லாமல். "அடியா? எங்க?"

"ஒண்ணுமில்ல. தூக்குங்க."

தூக்கிவிட்டான். மண்ணைத் தட்டிவிட்டான். குன்றைப் பார்த்தான், விளிம்பில் சின்னதாக நின்ற உருவங்களைப் பார்த்தான். "போச்சு. இதைப் பாத்துட்டு அந்த ஆளு எங்க கையெழுத்துப் போடப்போறார்?"

"போட்டாச்சு."

"எப்போ?"

"மேல வெச்சே."

அவன் அவள் முகத்தையும், மண்ணில் குத்தி நின்ற இறக்கையையும் பார்த்தான்.

"அவருக்கு இப்ப தலை வலிக்குமே" என்றான்.

"வலிக்கட்டும். மருந்துக்கடைதானே வெச்சிருக்கார்." அவள் ஹார்னஸிலிருந்து வெளியே வந்து, மூக்கைச் சுற்றி ஒருமுறை நடந்து, கம்பி வளைந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள். "போட்டிக்கு ரெண்டு வாரம் இருக்கு. நாளையிலிருந்து இறங்கிப் பழகணும். உங்களுக்கு எந்த ஷிப்ட்?"

"காலைல."

"அப்ப சாயங்காலம் வண்டி வேணும். இந்த முனையைப் பிடிங்க, மடிக்கலாம்."